மழைக்காலத்தில் வீட்டு சூப்: பாதுகாப்பான முறை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முருங்கைக்கீரை சூப்பும் ஆட்டுக்கால் சூப்பும் பல இல்லங்களில் தயாரிக்கப்படுகின்றன. வானிலை குளிர்ந்திருப்பதால், இரவு முழுவதும் வெளியே வைத்தாலும் சூப் கெடாது எனக் கருத வேண்டாம்.

காரணம் என்ன?
சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதித்த பின்னும் எஞ்சியிருக்கும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் அவை முளைத்துப் பெருகலாம். அவற்றுள் சில வெளியிடும் நச்சு, மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழியாது.

கடைப்பிடிக்க வேண்டியவை
• சூப்பைச் சூடாக, 2 மணி நேரத்திற்குள் அருந்தவும்.
• மீதமுள்ளதை அகன்ற பாத்திரத்தில் விரைவாக ஆறவைத்து, அதே 2 மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்.
• மறுநாள் தேவையான அளவை மட்டும் எடுத்து, நன்கு கொதிக்கவைக்கவும்.
• குளிர்சாதனப் பெட்டி இல்லையெனில், ஒரு வேளைக்கு மட்டும் தயாரிக்கவும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் ஓ.ஆர்.எஸ். கரைசல் அருந்தவும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோரைத் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லவும்.