எடை குறைப்புக் குழுவில் சேரலாமா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கி அருகே சமூக மன்றத்தின் ஸும்பா வகுப்பு அறிவிப்பு. கைப்பேசியில், பக்கத்து புளோக் அக்கா அனுப்பிய ‘21 நாள் சவால்’ வாட்ஸ்அப் அழைப்பு. கடைத்தொகுதிக்குள் நுழைந்தால், ‘முதல் வாரம் இலவசம்’ என்று துண்டுத்தாள் நீட்டும் இளையர். எடையைக் குறைக்கும்படி மருத்துவர் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், இவையெல்லாம் திடீரென்று கண்ணில் படத் தொடங்கும்.

சேரலாமா என்று கேட்டால், ‘சேர்ந்தால் நல்லதுதானே’ என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால், குழு என்ற ஒரு சொல்லுக்குள் இலவச உடற்பயிற்சியும் உண்டு, மருத்துவமனைத் திட்டமும் உண்டு, ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்கும் தொகுப்பும் உண்டு. எது தேவை என்பது சேருபவரின் உடல்நிலையையும் வேலை நேரத்தையும் வீட்டுச் சமையலையும் பொறுத்தது.

எடை உண்மையிலேயே அதிகமா?

முதலில் அளந்து பார்ப்பது நல்லது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது உடல் எடைக் குறியீடு, அதாவது பிஎம்ஐ. 1.58 மீட்டர் உயரமும் 68 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்மணிக்கு அது ஏறக்குறைய 27.2.

உலகப் பொது அளவுகோலின்படி 25க்குமேல் இருந்தால் கூடுதல் எடை, 30க்குமேல் இருந்தால் உடற்பருமன். ஆனால், ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு, இதயநோய் அபாயம் கூடுவதை உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ல் சுட்டிக்காட்டியது. அதைத் தொடர்ந்து சிங்கப்பூர் 23ஐயும் 27.5ஐயும் எல்லைகளாக வைத்துக்கொண்டது. 23 முதல் 27.4 வரை மிதமான அபாயம், 27.5ம் அதற்குமேலும் அதிக அபாயம். அந்தக் கணக்கின்படி, மேலே சொன்ன பெண்மணி அதிக அபாயப் பிரிவின் வாசலில் நிற்கிறார். பார்ப்பவர்கள் அவரைக் குண்டு என்றுகூடச் சொல்லமாட்டார்கள்.

இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளி இருப்பது நம்மவர்களிடம் அதிகம் காணப்படும் உடலமைப்பு என்பதால், எடைத் தராசு சொல்லாததைத் தையல்காரரின் அளவு நாடா சொல்லிவிடும்.

சிங்கப்பூர் இந்தியர்கள் இதை வெறும் தோற்றம் சார்ந்த விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 11.3 விழுக்காடு. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு. உடற்பருமன் சீனர்களிடையே 7.9 விழுக்காடாகவும் இந்தியர்களிடையே 16.9 விழுக்காடாகவும் மலாய்க்காரர்களிடையே 24 விழுக்காடாகவும் இருந்தது. 2016ல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. இருந்தும், 2021-22 தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வில் நாட்டின் உடற்பருமன் விகிதம் 11.6 விழுக்காடு, அதற்கு முந்தைய 2019-20 ஆய்வில் அது 10.5 ஆக இருந்தது.

குறைக்க வேண்டிய அளவு பலர் நினைப்பதைவிடச் சிறியது. எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே ரத்தச் சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் பலன் தெரியத் தொடங்கும். 68 கிலோ உள்ளவருக்கு அது 3.4 கிலோதான். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது பாதுகாப்பான வேகம். ‘மாதம் 10 கிலோ’ என்று சொல்லும் விளம்பரத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

குழுவாகச் சேர்ந்தால் கூடுதலாகக் குறையுமா?

இந்த முறை பிறந்ததே ஒரு வீட்டு வரவேற்பறையில்தான். 1961ல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி, உணவுக் கட்டுப்பாட்டைத் தனியாகக் கடைப்பிடிக்க முடியாமல் ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்துப் பேசத் தொடங்கினார். அது 1963ல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனமாகி உலகெங்கும் பரவியது. வாராவாரம் எடை பார்ப்பது, ஒருவருக்கொருவர் கதை சொல்வது, அடுத்த வாரத்துக்கு ஓர் இலக்கு வைப்பது என்பவை இன்றைய வாட்ஸ்அப் குழுக்கள் வரை அப்படியே தொடர்கின்றன.

பலன் உண்டா என்பதை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். 2011ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளைச் சேர்ந்த 772 பேர் பங்கேற்றனர். மருத்துவர் குழுத் திட்டத்துக்கு அனுப்பியவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 5 கிலோ குறைந்தது. வழக்கமான மருத்துவ ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு 2.25 கிலோ குறைந்தது.

அதே இதழில் 2017ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு இன்னும் பயனுள்ளது. 12 வாரக் குழுவில் இருந்தவர்கள் ஓராண்டின் முடிவில் சராசரியாக 4.75 கிலோ குறைந்திருந்தனர். 52 வாரம் இருந்தவர்கள் 6.76 கிலோ. இரண்டாம் ஆண்டின் முடிவில் பார்த்தபோது அந்த எண்கள் 3.05, 4.29 எனச் சுருங்கிவிட்டன. குழு உதவியது. ஆனால், குறைந்த எடையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. மூன்று மாதத் தொகுப்பை விற்பவர்கள் இந்த இரண்டாம் ஆண்டைப் பற்றிப் பேசுவதில்லை.

இட்லியும் சாம்பாரும் சாப்பிடுபவர்களுக்கு இது பொருந்துமா என்ற சந்தேகத்துக்குச் சென்னையில் பதில் இருக்கிறது. நீரிழிவின் வாசலில் இருந்த, கூடுதல் எடை கொண்ட 578 பேரிடம் அங்கு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2016ல் வெளியானது. உள்ளூர் உணவுக்கும் வாழ்க்கைக்கும் ஏற்ப அமைத்த குழு வகுப்புகளில் ஒரு பிரிவினர் சேர்ந்தனர். தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் கொடுக்கப்பட்டது. மூன்றாண்டில் அவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் மற்றவர்களைவிட 32 விழுக்காடு குறைந்தது. ஆனால், பெரும்பாலோருக்கு வகுப்பு மட்டும் போதவில்லை, மாத்திரையும் தேவைப்பட்டது.

சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2006ல் வெளியானது. அதில் உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. ஆனால், அவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. ‘நாலு வாரமாகப் போகிறேன், தராசு முள் அசையவில்லை’ என்று நின்றுவிடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முடிவு இது.

பள்ளியில் பட்ட சூடு

சிங்கப்பூரில் இப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்கள் சிலர் குழு என்றாலே ஒதுங்கிப்போவார்கள். காரணம் ‘டாஃப்’. 1992ல் பள்ளிகளில் தொடங்கிய ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தில், எடை கூடிய மாணவர்கள் தனியாகப் பிரிக்கப்பட்டு உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டனர். பல பள்ளிகளில் மற்றவர்கள் உணவகத்தில் சாப்பிடும் இடைவேளையில் இவர்கள் திடலில் ஓடினார்கள். திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரைத் திருப்பிப் படித்தால் குண்டு என்ற பொருள் வரும் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

எண்ணிக்கையளவில் திட்டம் தோற்றது என்று சொல்ல முடியாது. கூடுதல் எடையுள்ள மாணவர் விகிதம் 14 விழுக்காட்டிலிருந்து 2006ல் 9.5 ஆகக் குறைந்தது. ஆனால், கேலியும் மனக்காயமும் குறித்த குறைகூறல்களுக்குப் பிறகு 2007ல் அது கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களுக்குமான ஆரோக்கியத் திட்டம் வந்தது.

பெரியவர்களின் குழுவுக்கும் இதுவே உரைகல். எல்லோர் முன்னிலையிலும் எடையை உரக்க வாசிக்கும் குழுவிலும், குறையாதவரைக் குழு உரையாடலில் கிண்டல் செய்யும் குழுவிலும், ‘முன்பு-பின்பு’ படத்தைக் கேட்காமலேயே ஃபேஸ்புக்கில் போடும் குழுவிலும் சேராமல் இருப்பதே மேல். வெட்கப்பட்டவர் முதலில் வகுப்புக்கு வருவதை நிறுத்துவார், பிறகு எடை பார்ப்பதையும் நிறுத்துவார்.

காசு கொடுப்பதற்கு முன் இலவசத்தைப் பாருங்கள்

சுகாதார மேம்பாட்டு வாரியம் கடைத்தொகுதிகளிலும் பூங்காக்களிலும் சமூக மன்றங்களிலும் குழு உடற்பயிற்சிகளை நடத்துகிறது. பெரும்பாலும் கட்டணமில்லை, ‘ஹெல்தி 365’ செயலியில் இடம் பதிவு செய்யலாம். 2014ல் அதே வாரியம், நாட்டு மக்கள் சேர்ந்து மூன்றாண்டில் பத்து லட்சம் கிலோ குறைக்கும் சவாலை அறிவித்தது. 2015ல் நடையை எண்ணும் ‘நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்’ வந்தது. போட்டியும் பரிசுப் புள்ளியும் இருந்தால்தான் நடப்பேன் என்பவர்களுக்கு அவை நல்ல தொடக்கம்.

புக்கிட் பாஞ்சாங் குடியிருப்பாளர்களுக்கு இடவசதி குறைவில்லை. பாங் சுவா பூங்கா இணைப்புப் பாதை, செங்ஹுவா இயற்கைப் பூங்கா, சற்றுத் தள்ளி செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா என நடக்க இடமுண்டு. செஞ்சா-கேஷ்யூ சமூக மன்றத்தில் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இருக்கின்றன. நாலு பேர் சேர்ந்து வாரம் மூன்று நாள் நடந்தால் அதுவும் குழுதான், அதற்குச் சந்தா கிடையாது.

நாற்பது வயதைக் கடந்தவர்கள், 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தின்கீழ் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். முதல் சுகாதாரத் திட்ட ஆலோசனைக்குக் கட்டணமில்லை. ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகிய மூன்றின் நிலவரம் தெரிந்த பிறகு குழுவைத் தேடுவது சரியான வரிசை. வட்டாரத்தில் உள்ள புக்கிட் பாஞ்சாங் பலதுறை மருந்தகத்திலும் கேட்கலாம். பிஎம்ஐ மிக அதிகமாக உள்ளவர்கள், மருத்துவர், உணவியல் நிபுணர், உடலியக்கச் சிகிச்சையாளர் சேர்ந்து நடத்தும் மருத்துவமனைத் திட்டங்களுக்கு அனுப்பப்படுவதுண்டு.

கட்டணக் குழுவிடம் என்ன கேட்பது?

நடத்துபவர் யார் என்பது முதல் கேள்வி. பதிவுபெற்ற உணவியல் நிபுணரா, அல்லது சத்துமாவு விற்கும் ‘பயிற்றுநரா’? வகுப்பு இலவசம், ஆனால் காலையும் இரவும் அவர்களின் மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும் என்றால் அது எடை குறைப்புக் குழு இல்லை, கடை. புதிய ஆளைச் சேர்த்துவிட்டால் தரகு தருவதாகச் சொன்னால் இன்னும் கவனம் தேவை. நட்பும் உறவும் அங்கே விற்பனைப் பட்டியலாகிவிடும், அக்காவிடம் வேண்டாம் என்று சொல்வதும் எளிதல்ல.

முழுச் செலவை எழுத்தில் வாங்க வேண்டும். உறுப்பினர் கட்டணம், மாவு, புத்தகம், பரிசோதனை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? ‘கேஸ்டிரஸ்ட்’ சான்றிதழ் பெற்ற ஸ்பா, நல்வாழ்வு நிலையங்களில் ஐந்து வேலை நாளுக்குள் மனம் மாறினால் பணத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு உண்டு. ‘இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலை’ என்ற பேச்சைக் கேட்டதும் எழுந்து வந்துவிடலாம்.

மாத்திரை, ‘மூலிகைக் காப்பி’ போன்றவற்றைக் குழுவில் யாராவது நீட்டினால் வாங்கக்கூடாது. 2002ல் ‘ஸ்லிம் 10’ மாத்திரையை உட்கொண்ட தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குருஸின் கல்லீரல் செயலிழந்தது. அப்போது அவருடைய காதலராக இருந்த நடிகர் பியர் பிங் தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்ததால் அவர் பிழைத்தார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட இன்னொரு பெண் உயிரிழந்தார். சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து இதய ஆபத்து காரணமாக 2010ல் மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகும் இணையத்தில் விற்கும் மெலிவுப் பொருள்களில் அது கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது.

மருத்துவர் எழுதித்தரும் எடைகுறைப்பு ஊசிகள் வேறு விஷயம். அவற்றுக்கு வலுவான ஆதாரம் உண்டு. ஆனால், ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதைச் செமாகுளுடைட் ஆய்வு ஒன்று காட்டியது. அந்த ஊசிகளின் போட்டியும் சேர்ந்து, நைடெட்ச் தொடங்கிய நிறுவனமே 2025 மே மாதம் திவால் பாதுகாப்பு கோரியது.

மருந்து சாப்பிடுபவர்களும் வேலை நேரமும்

இன்சுலின் போடுபவர்களும் சில வகை நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களும் திடீரென்று உணவைக் குறைத்தால் சர்க்கரை அளவு ஆபத்தாகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். எடை குறையக் குறைய ரத்த அழுத்த மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரும். ஆகவே, சேருவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், சாப்பாட்டை எண்ணி எண்ணி மனநோய் அளவுக்குச் சென்று மீண்டவர்களுக்கும் இத்தகைய குழு ஏற்றதல்ல.

பாதுகாவலர், பேருந்து ஓட்டுநர், தாதியர் போன்றவர்களுக்கு இடைஞ்சல் வேறு வகையானது. 12 மணி நேர வேலை முடிந்து இரவு 8 மணிக்கு வீடு திரும்புபவர் 7.30 மணி வகுப்பில் சேர்ந்தால் மூன்றாவது வாரம் நின்றுவிடுவார். அது அவருடைய மன உறுதியின் குறை அல்ல. அவருக்கு ஓய்வு நாள் வகுப்போ, அதே வேலை நேரம் உள்ள இரண்டு சகாக்களோ போதும்.

வீட்டில் சமைப்பவர் யார் என்பதும் முக்கியம். கணவர் குழுவில் சேர்ந்து, மனைவி இரண்டு வகைச் சமையல் செய்யும் வீட்டில் அது நீடிப்பதில்லை. சமைப்பவரும் உடன் வந்தால், சோற்றின் அளவும் எண்ணெயும் தே தாரேக்கின் சர்க்கரையும் ஒரே நாளில் எல்லோருக்கும் குறையும். ‘என்ன, இப்படி இளைச்சுட்டே? உடம்புக்கு ஏதாவதா?’ என்று திருமண வீட்டில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் சில குழுக்களில் பேசுகிறார்கள். நம் வீடுகளில் அது சின்ன விஷயமல்ல.

பெரும்பாலான குழுக்கள் ஒரு வகுப்பை முன்கூட்டியே பார்க்க அனுமதிக்கும். அப்படிப் போகிறவர், குழுவில் ஓராண்டுக்கு மேலாக இருக்கும் ஒருவரைத் தேடிப் பேசுவது நல்லது. எத்தனை கிலோ குறைந்தது என்பதைவிட, போன தீபாவளிக்குப் பிறகு என்ன ஆனது என்று அவரிடம் கேட்கலாம்.