சீன மருத்துவத்தில் உயிர்ப்பாற்றல் குறைவும் லீ தோங்யுவானும்

சீன மருத்துவ நூலார் 'சி' என வழங்குவதனை ஈண்டு உயிர்ப்பாற்றல் எனக் கொள்வோம். அதன் குறைவுக்குரிய மருந்துகளுள் பெரிதும் எடுத்தாளப்பெறுவது 'பு சொங் யி சி தாங்'. 'நடுவை நிரப்பி உயிர்ப்பாற்றலைப் பெருக்கும் கியாழம்' என்பது அதன் பொருள். நடு என்றது மண்ணீரலையும் இரைப்பையையும். அது வெறுங்கொள்கையினின்று பிறந்ததன்று. ஒரு நகரின் பேரழிவினிடையே உருப்பெற்றது.

கி.பி. 1232இல் மங்கோலியர் சின் பேரரசின் தலைநகராகிய கைபெங்கை முற்றுகையிட்டனர். தாக்குதல் நின்றபின் நகரில் கொள்ளைநோய் பரவிற்று. ஐம்பது நாள்களில் வாயில்கள் வழியே வெளிச்சென்ற பிணங்கள் 9 இலட்சத்திற்கு மேற்பட்டன என 1344இல் தொகுக்கப்பெற்ற சின் அரச வரலாறு கூறும். இவ்வெண்ணை அவ்வாறே ஏற்றல் அரிது. அழிவு பெரிது என்பதில் ஐயமில்லை. அப்போது அந்நகரில் இருந்தவர் லீ தோங்யுவான் (1180–1251). காய்ச்சல் கண்டார்க்கெல்லாம் புறத்தினின்று புகுந்த குளிரே காரணமென மருத்துவர் கொண்டனர். வியர்ப்பிக்கும் மருந்தும் பேதி மருந்தும் அளித்தனர். பசியாலும் உழைப்பாலும் அச்சத்தாலும் நலிந்த உடல் அவற்றைத் தாங்கவில்லை. மாண்டாருள் பலரைக் கொன்றது மருத்துவமே என்பது லீயின் துணிபு.

ஆகவே, 1247இல் முன்னுரை பெற்ற தம் நூலில் அகக்கேட்டையும் புறக்கேட்டையும் பிரித்தறியும் குறிகளை அவர் விரித்துரைத்தார். புறங்கை சுடின் புறக்கேடு. உள்ளங்கை சுடின் அகக்கேடு. முன்னதில் குரல் வலிதாய் ஒலிக்கும்; பின்னதில் நோயாளி பேசவும் சோம்புவார், உணவின் சுவையும் அறியார். நோயாளியின் அருகிருந்து நோக்கியவர்க்கன்றி இந்நுட்பம் வாய்ப்பது அரிது.

கியாழத்தின் தலைமை மருந்து ஹுவாங்சி வேர். ஜின்செங், பைஷு, அதிமதுர இனத்து வேர் ஆகியன அதற்குத் துணையாவன. தாங்குவெய் குருதியை ஊட்டும். உலர்ந்த ஆரஞ்சுத் தோல் மந்தத்தை நீக்கும். ஷெங்மாவும் சாய்ஹுவும் சிற்றளவே சேர்வன; தாழ்ந்த ஆற்றலை மேலெழுப்புதல் அவற்றின் தொழில். காய்ச்சலுக்கு இனிப்பும் வெம்மையும் உடைய மருந்தை விதித்தமை அக்கால மருத்துவர்க்கு முரணாகத் தோன்றியிருத்தல் கூடும்.

எனினும் கைபெங்கில் பரவிய நோய் தொற்று ஆயின், பசியொன்றே அதன் காரணமாகாது. வூ யோசிங் 1642இல் இயற்றிய நூல், கொள்ளைநோய் குளிரால் வருவதன்று, வாய் மூக்கு வழிப் புகும் தனி நச்சாற்றலால் வருவது என வேறொரு வழியைக் காட்டிற்று. அக்கொள்கை வலுப்பெற்ற பின்னரும் லீயின் கியாழம் வழக்கொழியவில்லை. நெடுநாட் சோர்வுக்கும் உள்ளுறுப்புச் சரிவுக்கும் அதனைச் சீன மருத்துவர் விதிப்பர். ஜப்பானில் 'ஹோச்சூ எக்கி தோ' என்னும் பெயரில் நோயின்பின் வரும் மெலிவுக்கு அது வழங்கப்பெறுகின்றது.