தக்காணத்துப் புழுதியும் எண்ணெய் வடிகட்டியும்

1932-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹைதராபாத் சமஸ்தானத்துச் சாலைகளில் 27 பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றை நடத்த நியமனம் பெற்றவர்கள் 166 பேர். நிஜாம் அரசாங்க ரயில்வேயின் சாலைப் போக்குவரத்து இலாகா என்பது அந்த அமைப்பின் பெயர். தண்டவாளத்தின் மேல் வண்டி ஓட்டிவந்த ஸ்தாபனமே சாலையிலும் வண்டி விட முன்வந்தது. வண்டிகளோ ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் உருவான ஆல்பியன் வண்டிகள். இன்றைக்கும் ஹைதராபாத்தில் அரசாங்கப் பஸ்களின் பதிவெண்ணில் இசட் என்னும் ஆங்கில எழுத்தைக் காணலாம். அது கடைசி நிஜாமின் தாயார் ஜஹ்ரா பேகத்தின் நினைவாக ஏற்பட்டது என்று ஊரார் சொல்வார்கள்.

அந்தப் பஸ்களின் சரித்திரம் முழுவதையும் நாம் இங்கே சொல்லப் புகவில்லை. அவற்றின் எஞ்சினுக்குள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு சிறு பொருளின் கதையே நாம் எடுத்துக்கொண்டது. எண்ணெய் வடிகட்டி என்று தமிழில் சொல்லலாம். பட்டறையில் அதற்கு ஆயில் பில்டர் என்றே பெயர். மோட்டார் வண்டியின் மற்ற உறுப்புகள் கெட்டால் சத்தமிடும், புகையும், நின்றுவிடும். இது மட்டும் கெட்டாலும் வாய் திறவாது. ஆகவே நல்ல வடிகட்டி எது, போலி எது என்று ஒப்பிட்டு அறிவதற்கு மனிதன் பட்ட பாடு சுவையுள்ள ஒரு வரலாறு.

ஹைதராபாத் நகரம் கருங்கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாய் உருண்டு நிற்கும் பாறைகளைக் கண்டு வியக்காத தமிழர் இங்கே வந்திறங்கியிருக்க முடியாது. அப்பாறைகள் காலந்தோறும் உதிர்ந்து மண்ணாகும்போது அவற்றிலுள்ள படிகக்கல் நுண்துகள்களாகிப் புழுதியில் கலக்கிறது. அது சாதாரண இரும்பைக் கீறவல்ல கடினம் உடையது. ஜில்லாச் சாலைகள் பெரும்பாலும் சரளைச் சாலைகளாக இருந்த அந்நாளில், கோடைக் காலத்தில் முன்னே ஒரு வண்டி போனால் பின்னே வருகிற வண்டி அந்தப் புழுதியை மூச்சாக இழுத்தாக வேண்டும். காற்றோடு நுழைந்த துகள் பிஸ்டனைக் கடந்து எண்ணெயில் சேர்கிறது. எண்ணெயோடு ஓடிப் பேரிங்குகளை அடைகிறது. சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் கனமே உள்ள இடங்கள் உண்டு. மனிதனின் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் பருமன் உடையது என்றால், கண்ணுக்குப் புலனாகாத துகள்தான் எஞ்சினுக்குப் பகை என்பது விளங்கும்.

தொடக்க கால மோட்டார் எஞ்சின்களில் இதற்கு இருந்த காவல், எண்ணெய்த் தொட்டியில் வைத்த கம்பி வலை ஒன்றுதான். அது நட்டையும் பஞ்சையும் தடுக்கும்; புழுதிக்கு வழி விட்டுவிடும். 1923-ஆம் ஆண்டில் அமெரிக்கர்களான எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டு, ஜார்ஜ் கிரீன்ஹால்கு என்ற இருவர் மோட்டாருக்கென்று ஒரு வடிகட்டியைச் செய்தனர். ‘பின்னரும் தூய எண்ணெய்’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அதற்குப் பியூரோலேட்டர் என்று பெயரிட்டார்கள். 1924-ஆம் ஆண்டில் வெளிவந்த கிரைஸ்லர் கார் அதனைத் தாங்கி வந்தது.

அவ்வகை வடிகட்டிகள் கிளை வழியில் அமைந்தவை. எண்ணெய் பம்பிலிருந்து புறப்படும் எண்ணெயில் சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டும் வடிகட்டிக்குள் சென்று தொட்டிக்குத் திரும்பும். மிகுதி நேரே பேரிங்குகளுக்குப் போய்விடும். துணியோ, பஞ்சோ, கம்பளியோ உள்ளே அடைத்திருப்பார்கள். அது முழுதும் அடைத்துக்கொண்டாலும் எஞ்சினுக்கு எண்ணெய் குறையாது. டிரைவருக்கும் ஒன்றும் தெரியாது. வடிகட்டி செத்து ஆறு மாதம் ஆகியிருக்கும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், தேய்மானம் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் முழு எண்ணெயும் வடிகட்டியின் வழியே செல்லும் முறை பரவிற்று. இதில் வேறொரு சங்கடம். வடிகட்டி அடைத்தால் எஞ்சினே பட்டினி கிடக்கும். அதைத் தவிர்க்க ஒரு வால்வு வைத்தார்கள். அழுத்தம் மிஞ்சினால் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையே அனுப்பிவிடும். அழுக்கு எண்ணெயாவது எண்ணெய் இல்லாததைவிட மேல் என்பது அவர்கள் கணக்கு. கணக்குச் சரிதான், ஆனால் வால்வு திறந்த செய்தி அநேக வண்டிகளில் எவருக்கும் எட்டுவதில்லை.

இதனிடையே ஹைதராபாத்தின் அரசியலும் மாறியது. 1951-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பஸ் இலாகா ரயில்வேயிலிருந்து பிரிந்து மாநில அரசின் கைக்கு வந்தது. 1958-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் ஆந்திரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. அதே 1951-ஆம் ஆண்டில் கிளாஸ்கோவின் ஆல்பியன் கம்பெனியை இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனி வாங்கிவிட்டது. 1955-ஆம் ஆண்டில் லேலண்டின் கூட்டுறவோடு சென்னை எண்ணூரில் அசோக் லேலண்டு என்ற பெயர் எழுந்தது. ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்த எஞ்சினின் உறவினர் பிறகு எண்ணூரிலிருந்து வந்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1932-இல் 27 பஸ்களோடு பிறந்த ஸ்தாபனம், 1999-ஆம் ஆண்டில் உலகிலேயே மிகுதியான பஸ்களை உடையது என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. 2014-ஆம் ஆண்டில் மாநிலம் பிரிந்தபின் கழகமும் இரண்டாயிற்று.

1954-ஆம் ஆண்டை வடிகட்டியின் சரித்திரத்தில் ஒரு திருப்பமாக நாம் கருதுகிறோம். அமெரிக்காவின் விக்ஸ் கம்பெனி அவ்வாண்டில் திருகி மாட்டும் டப்பா வடிகட்டியை வெளியிட்டது. அதற்கு முன் வடிகட்டியின் கூட்டைத் திறந்து உள்ளே உள்ள திரியை மட்டும் மாற்றுவார்கள். கருத்துப்போன திரியை மெக்கானிக் கையில் எடுத்துப் பார்ப்பார், விரலால் தடவுவார், உலோகத் தூள் மின்னினால் பேரிங்கில் நோய் என்று உணர்வார். புதுத் திரியின் தரமும் அவர் கண்ணெதிரே இருந்தது. டப்பா வந்த பிறகு மாற்றுவது எளிதாயிற்று, கையில் கறை படுவது குறைந்தது. ஆனால் உள்ளே இருப்பது நல்ல காகிதமா மட்டக் காகிதமா என்பது தகரத்துக்குள் மறைந்துவிட்டது. வெளியே வர்ணமும் பெயரும்தான் தெரியும். போலிச் சரக்குக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

கண்ணால் ஒப்பிட முடியாத பொருளை அளவையால் ஒப்பிட வேண்டியதாயிற்று. இன்று வழங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 4548 என்ற எண்ணுள்ள தரநூல் இதை வகுக்கிறது. எண்ணெயை வடிகட்டியின் வழியே திரும்பத் திரும்ப ஓட்டி, அளவறிந்த நுண்புழுதியை இடைவிடாமல் அதில் கலந்துகொண்டே, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் துகள்களை எண்ணுகிறார்கள். முன்னே 75 துகள் இருந்து பின்னே ஒன்று மட்டும் தப்பினால், 75-இல் 74 பிடிபட்டன. அதாவது நூற்றுக்கு 98.7. முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்றால் பாதிதான். இங்கே ஒரு நுட்பம் உண்டு. எந்த அளவுத் துகளில் இந்தக் கணக்கு என்று சொல்லாவிட்டால் கணக்கே பயனற்றது. 40 மைக்ரான் துகளில் நூற்றுக்கு 99 பிடிக்கும் வடிகட்டி, 10 மைக்ரான் துகளில் பாதியைக் கோட்டைவிடலாம். பெட்டியின் மேல் ‘99 சதவிகிதம்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது பாதிச் செய்தி.

அளவின் பயனை 1988-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. 40 மைக்ரான் வடிகட்டியோடு ஒப்பிட, 30 மைக்ரான் வடிகட்டியால் எஞ்சின் தேய்மானம் பாதியாயிற்று. 15 மைக்ரான் வடிகட்டியால் நூற்றுக்கு 70 பங்கு குறைந்தது. எண்ணெயில் புழுதியை வேண்டுமென்றே கலந்து விரைவுபடுத்திய சோதனை அது என்பதையும் மறக்கலாகாது. தவிர, மிக நுண்ணிய வடிகட்டி எல்லாச் சமயத்திலும் சிறந்தது என்றும் கூற இயலாது. நுண்மை மிகுந்து பரப்புக் குறைந்தால் அது விரைவில் அடைக்கும். அடைத்தால் முன்னே சொன்ன வால்வு திறக்கும். பிடிக்கும் திறன் வேறு, தாங்கும் திறன் வேறு. வெடிக்காமல் அழுத்தம் தாங்குமா, அதிர்வில் தகரம் பிளக்குமா என்பதற்கெல்லாம் அத்தரநூலில் தனித்தனிச் சோதனைகள் உண்டு.

ஒரு தனி மனிதர் இவற்றையெல்லாம் செய்துபார்க்க முடியாது. ஆயிரக்கணக்கான பஸ்களை உடைய கழகங்களுக்கு அது இயலும். 1965-ஆம் ஆண்டில் அரசுப் போக்குவரத்து ஸ்தாபனங்களின் சங்கம் அமைந்தது. உதிரிப் பாகங்களுக்குக் கூட்டாக விலை ஒப்பந்தம் செய்வது அதன் பணிகளுள் ஒன்று. 1967-ஆம் ஆண்டில் புனாவில் மத்தியச் சாலைப் போக்குவரத்து நிலையம் தோன்றி, பாகங்களைச் சோதிக்கும் கூடங்களையும் பெற்றது. ஆயினும் நமக்கு மிகவும் பிடித்த சோதனை டெப்போவின் பதிவேடுதான். எந்த வண்டியில் எந்த வடிகட்டி என்று மாட்டப்பட்டது, எத்தனை கிலோமீட்டரில் கழற்றப்பட்டது, எஞ்சின் எப்போது பிரிக்கப்பட்டது என்று ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தால் வர்ணப் பெட்டியின் பேச்சு அங்கே எடுபடாது. 1893-ஆம் ஆண்டு முதல் லாலாகுடாவில் பட்டறை வைத்திருந்த ரயில்வேயின் பிள்ளையாகப் பஸ் இலாகா பிறந்தது இவ்வகையில் நன்மையே என்று நினைக்கிறோம். எதையும் எழுதி வைப்பது ரயில்வேக்காரர்களின் இயல்பு. அந்தப் பட்டறையில் நம்மவர் பலரும் உழைத்தனர்.

பதிவேடும் சோதனைக் கூடமும் இல்லாதவர் கதி என்ன? தெலங்கானாவில் சுற்றுகிறவர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகளைக் கண்டிருப்பார்கள். அவற்றுள் பல நம் திருச்செங்கோட்டிலிருந்து வந்தவை. பாறையைத் துளைக்கும்போது எழும் வெண்புழுதி நடுவே கம்ப்ரஸர் எஞ்சின் இரவும் பகலும் ஓடியாக வேண்டும். தக்காணத்துப் படிகத் துகளோடு நேருக்கு நேர் போர் புரிகிற தமிழர் இவர்கள்தாம்.

இத்தொழிலில் உள்ள அன்பர் ஒருவரை நாம் அறிவோம். ஒருமுறை அவர், பெயர்பெற்ற வடிகட்டி என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்ததைப் பாதி விலைக்கு வாங்கி மாட்டினார். பெட்டி, வர்ணம், முத்திரை எல்லாம் சரியாகவே இருந்தன. நான்காம் நாள் இரவு, கிணறு பாதியில் இருக்கும்போது எஞ்சின் பேரிங் உருகி நின்றது. கடனில் வாங்கிய எஞ்சின், தவணை நிற்காது, கூட வந்த ஆட்களுக்குப் பத்து நாள் வேலை இல்லை. கடைக்காரரோ எண்ணெயின் மேல் பழி போட்டார். அன்பர் டப்பாவை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார். காகித மடிப்புகள் இணையும் தையலில் பசை பிடிக்காமல் விரல் நுழையும் வாய் இருந்தது. எண்ணெய் வடிகட்டப்படாமலே நான்கு நாளும் போய்வந்திருக்கிறது.

அது முதல் அவர் கழற்றும் ஒவ்வொரு டப்பாவையும் அறுக்கிறார். தையலில் பசை இருக்கிறதா, மடிப்புகள் ஒட்டிச் சரிந்திருக்கின்றனவா, எஞ்சின் நின்றபின் எண்ணெய் திரும்பி ஓடாமல் காக்கும் ரப்பர் வால்வு இன்னும் வளைகிறதா, இத்தனையும் பார்க்கிறார். மடிப்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிற வழக்கத்தை அவர் ஏற்பதில்லை. காகிதத்தின் தரம் தெரியாமல் மடிப்பை எண்ணி என்ன பயன் என்கிறார். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுகிறார். மாட்டிய தேதி, ஓடிய மணி, கடையின் பெயர், விலை. 250 மணிக்கு ஒருமுறை என்று வரிசை போகிறது. சென்ற மாதம் நாம் அவரைக் காணச் சென்றபோது, அறுத்தெடுத்த மடிப்புக் காகிதம் ஒன்று லாரியின் பக்கக் கம்பியில் துணி போலக் காய்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் வடிந்தபின் அதை வெயிலில் பிடித்து, மின்னுகிறதா என்று பார்த்துவிட்டு, நோட்டில் ஒரு வரி எழுதினார்.