அசல் உத்தர்: பின்வாங்கிப் பெற்ற வெற்றி

போரில் பின்வாங்குவதெல்லாம் தோல்வியன்று. 1965 செப்டம்பரில் பஞ்சாப் எல்லையில் உள்ள அசல் உத்தர் என்னும் சிற்றூரில் நடந்த டாங்கிப் போர் இதற்குச் சான்று.

அம்மாதம் 6-ஆம் தேதி இந்தியப் படைகள் லாகூர் முனையில் எல்லையைக் கடந்தன. கேம்கரண் பகுதியில் முன்னேறிய 4-ஆவது மலைப் படைப்பிரிவோ இழப்புகளுடன் திரும்ப நேர்ந்தது. அதைத் தொடர்ந்து பாகிஸ்தானின் முதலாவது கவசப் படைப்பிரிவு அமெரிக்கத் தயாரிப்பான பேட்டன் டாங்கிகளுடன் எல்லை தாண்டி வந்தது. பியாஸ் ஆற்றுப் பாலத்தைப் பிடித்து, அமிருதசரஸை நாட்டின் பிற பகுதிகளிலிருந்து துண்டிப்பதே அதன் நோக்கம்.

இந்தியாவிடம் அங்கிருந்தவை செஞ்சூரியன்களும், பழைய ஷெர்மன்களும், எடை குறைந்த ஏ.எம்.எக்ஸ். டாங்கிகளுமே. நேருக்கு நேர் மோதுவதைத் தவிர்த்த மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங், பின்வாங்கிய படையைக் குதிரை லாட வடிவில் நிறுத்தினார். கரும்புக் காட்டுக்குள் டாங்கிகளும் பீரங்கிகளும் மறைந்து காத்திருந்தன. கால்வாய்க் கரை உடைக்கப்பட்டு, வயல்களில் நீர் பாய்ச்சப்பட்டது. லாடத்தின் வாய்க்குள் நுழைந்த பேட்டன்கள் சேற்றில் சிக்கின. மூன்று பக்கங்களிலிருந்தும் மிக அருகில் சுடப்பட்டன. செப்டம்பர் 10-ஆம் தேதியுடன் அத்தாக்குதல் முறிந்தது. இந்தியக் கணக்கின்படி பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97.

ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பல பேட்டன்களை வீழ்த்தி, அன்று உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. வேல் வீரரை வென்ற யானையும் சேற்றில் கால் புதைந்தால் நரிக்கு இரையாகும் என்று 'இடனறிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னது அந்த வயல்களில் மெய்யானது.

அவருடைய வீரத்தைப் போற்றும் நாம், அதற்குக் களம் அமைத்துத் தந்த திட்டத்தை மறந்துவிடுகிறோம். அதற்கு முந்தைய பின்னடைவையும், கேம்கரண் போர்நிறுத்தம் வரை மீட்கப்படாமல், 1966 தாஷ்கண்ட் உடன்பாட்டுக்குப் பிறகே திரும்பக் கிடைத்ததையும் பேசத் தயங்குகிறோம். அவற்றைச் சொல்வதால் வெற்றியின் பெருமை குறையாது. பின்னடைவை மறைக்காமல் ஒப்புக்கொண்ட படையே தனக்கேற்ற நிலத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

இன்றும் நம் பாதுகாப்பு விவாதங்கள் எந்த விமானத்தை, எந்த ஏவுகணையை வாங்குவது என்பதிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. 'அசல் உத்தர்' என்றால் 'உண்மையான விடை' என்று பொருள். கருவி மட்டுமே போரை வெல்லாது. அதை எங்கே, எப்போது பயன்படுத்துவது என்று அறிந்த மதியும் வேண்டும் என்பதே அவ்வூர் தரும் விடை.