மின்கைக்கருவிகளும் பாஷ் நிறுவனமும்: ஸ்டுட்கார்ட் முதல் ஒரகடம் வரை

மின்மோட்டாரின் விசையால் இயங்கும் கையடக்கக் கருவிகள் மின்கைக்கருவிகள் எனப்படுகின்றன. டிரில்லிங் மிஷின், ஹேண்ட் கிரைண்டர், கட்டிங் மிஷின், பிரேக்கர் என்று நம் பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் வழங்குபவை இவையே. இவற்றைத் தயாரிக்கும் ஆலைகளுள் ஒன்று ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்கு உரிய ஆலை அது. இராமானுசர் பிறந்த ஊர் என்று நாம் படித்த ஸ்ரீபெரும்புதூர், 1990களின் பிற்பகுதியில் ஹூண்டாய் வந்த பிறகு கார் ஊராக மாறிய கதை பலருக்கும் தெரியும். கார் வாங்காத வீட்டின் சுவரிலும் துளையிடும் கருவியின் கதை அவ்வளவாக எழுதப்படவில்லை.

கையில் பிடிக்கும் மின்துளைக்கருவியை முதலில் செய்தது பாஷ் அல்ல. அதே ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனம் 1895இல் அதனைச் செய்தது. இன்று நமக்குப் பழகிய துப்பாக்கிப் பிடியும் விரலால் அழுத்தும் விசையும் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் முதல் உலகப்போர்க் காலத்தில் காப்புரிமை பெற்றவை.

ராபர்ட் பாஷ் 1861இல் உல்ம் நகருக்கு அருகிலுள்ள ஆல்பெக் கிராமத்தில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவது பிள்ளை. கருவி வேலை கற்று, அமெரிக்கா சென்று எடிசனின் ஆலையிலும், பின் இங்கிலாந்தில் சீமென்ஸ் ஆலையிலும் வேலை பார்த்தார். 1886 நவம்பரில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு மெக்கானிக்கையும் ஓர் எடுபிடிப் பையனையும் வைத்துக்கொண்டு சிறு பட்டறை தொடங்கினார். பெயரெடுத்துக் கொடுத்தது மாக்னெட்டோ, அதாவது எஞ்சினுக்குள் தீப்பொறி உண்டாக்கும் மின்கருவி. 1897இல் ஃபிரெடெரிக் சிம்ஸ் என்ற தொழில்முனைவர் ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியைக் கொண்டுவந்து, இதற்கு உங்கள் மாக்னெட்டோ பொருந்துமா என்று கேட்டார். பொருத்திக் காட்டினார்கள். அடுத்து டைம்லர் கார்களிலும் அது ஏறியது. டைம்லரின் தொழிற்சாலையும் அதே ஸ்டுட்கார்ட் பகுதியிலுள்ள கான்ஸ்டாட்டில்தான் இருந்தது. 2012இல் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி ஆலையைத் திறந்த டைம்லரும் இதே டைம்லர் வழி வந்ததே. ஸ்டுட்கார்ட்டின் இரு அண்டை வீட்டார் நூறாண்டுக்கும் மேல் கழித்து வாலாஜாபாத் சாலை ஓரத்தில் மறுபடி அண்டை வீட்டாராகியிருக்கிறார்கள்! வரைபடத்தில் இரண்டு இடங்களையும் குறித்துப் பார்க்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கார் பாகங்களையே நம்பியிருந்த நிறுவனத்தை 1926இன் நெருக்கடி உலுக்கியது. கார் விற்பனை சரிந்தால் தாமும் சரிவோம் என்று கண்டபின் வேறு தொழில்களைத் தேடினார்கள். அப்படித்தான் 1928இல் ஃபோர்ஃபெக்ஸ் என்ற முடிவெட்டும் கருவி வந்தது. முன்பெல்லாம் மோட்டார் தனியே நிற்கும். வளையும் தண்டு ஒன்றின் வழியே விசை கைக்கு வரும். ஃபோர்ஃபெக்ஸில் மோட்டாரைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். முடிதிருத்துவோர் கைக்கு வந்த இந்த யோசனையே பாஷின் மின்கைக்கருவித் தொழிலுக்கு விதை. 1932இல் பாஷ் சுத்தியல் வெளிவந்தது. சுழன்றுகொண்டே அடிக்கும் கருவி. கல்லையும் கான்கிரீட்டையும் உடைக்க வல்லது. உளியும் சம்மட்டியும் நாள் முழுக்கச் செய்த வேலையைச் சுருக்கியது இதுதான்.

வேலை நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். 1906இலேயே பாஷ் தன் ஆலையில் எட்டு மணி நேர வேலைநாளைக் கொண்டுவந்தார். இது வெறும் இரக்கம் அல்ல. நாளுக்கு இரண்டு ஷிப்ட் ஓட்டலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1913இல் அவர் ஆலையிலேயே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதன்பின் அவரும் முதலாளிகள் சங்கத்தில் சேர்ந்தார். நம் ஊரில் 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஒரகடம் போன்ற இடங்களை மனத்தில் வைத்தே அந்த விவாதம் நடந்தது என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தை நிறுவன வரலாறுகள் சில வேகமாகத் தாண்டிச் செல்லும். பாஷ் ஹிட்லரை வெறுத்தவர். ஹிட்லர் எதிர்ப்பாளரான கார்ல் கோர்டலருக்கு வேலை கொடுத்து ஆதரித்தவர். அவருடைய ஆலைகளோ போர்த்தளவாடம் செய்தன. சுமார் 20,000 பேர் அங்கே கட்டாய உழைப்பில் வாடினார்கள். இரண்டும் உண்மை. 1942இல் பாஷ் காலமானார். 1964இல் பங்குகளில் பெரும்பகுதி ஓர் அறக்கட்டளைக்குச் சென்றது. இன்று ஏறத்தாழ 94 விழுக்காடு அதனிடம் இருக்கிறது.

இந்தியாவுக்கு பாஷ் வந்தது 1922இல், கல்கத்தாவில் ஒரு விற்பனை முகவர் வழியாக. 1951இல் மைக்கோ என்று நாம் அறிந்த மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி உருவாகி, பெங்களூரு ஆடுகோடியில் ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்தது. மைக்கோ பம்ப் என்று சொல்லாத லாரி மெக்கானிக் அந்நாளில் கிடையாது. 2008இல் மைக்கோ என்ற பெயர் போய் பாஷ் லிமிடெட் ஆனது. மின்கைக்கருவிகளில் மட்டும், ராலிவுல்ஃப் போன்ற இந்தியப் பெயர்கள் முன்பே சந்தையில் இருந்தன. தாராளமயத்துக்குப் பின் வெளிநாட்டுப் பெயர்கள் பெருகின. இப்போது மலிவான சீனக் கருவிகளும் அதே கடைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஒரகடத்துக்கு ஆலை வந்ததன் காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. பக்கத்தில் துறைமுகம், உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகள், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த இளைஞர்கள். மார்பிள், டைல்ஸ், கிரானைட் என்று கட்டடங்கள் மாறிவிட்ட நாட்டில் கட்டிங் மிஷினுக்கும் கிரைண்டருக்கும் பஞ்சமில்லாத தேவை.

கிரைண்டர் பற்றி ஒரு சிறு கணக்கு. ஆங்கிள் கிரைண்டரை 1954இல் கொண்டுவந்தது ஃப்ளெக்ஸ் என்ற பெயரால் அறியப்படும் வேறொரு ஜெர்மன் நிறுவனம். நான்கு அங்குல, அதாவது 100 மி.மீ. வட்டு நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றுகிறது. வட்டின் விளிம்பு வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். உடைந்த துண்டு அந்த வேகத்தில்தான் முகத்தை நோக்கி வரும். வட்டின் மேலுள்ள காப்புத் தகடு கையை மறிக்கிறது என்று பலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கிரானைட் அறுக்கும்போது எழும் வெண்துகளில் சிலிக்கா உண்டு. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி சிலிக்கோசிஸ் நோய் வரும், அதற்கு முழுக் குணம் இல்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெரிதும் அடங்கும். ஆனால் மின்சாரமும் தண்ணீரும் ஓரிடத்தில் சேர்வதால் எர்த் இணைப்பும் கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் சரியாக இருக்க வேண்டும். தண்ணீர் விட முடியாத இடத்தில் தூசி உறிஞ்சும் கருவியும் முறையான முகக்கவசமும் வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது அந்த நுண்துகளைத் தடுக்காது.