நோயாளியின் கட்டிலருகே ஒரு வகுப்பு



பொற்காலம் பற்றிப் பேச நமக்கெல்லாம் ஆசை. இப்னு சீனாவின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவோம். ஆனால் அந்தக் காலத்து மாணவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று நாம் கேட்பதில்லை.

1154இல் சுல்தான் நூருத்தீன் ஸங்கி டமஸ்கஸில் ஓர் ஆஸ்பத்திரி கட்டினார். அன்று அதற்குப் பெயர் பீமாரிஸ்தான். அங்கே வைத்தியர் அபுல் மஜ்த் முதலில் நோயாளிகளைச் சுற்றிப் பார்ப்பார். பிறகு மண்டபத்தில் அமர்ந்து, சுல்தான் வக்பு செய்த நூல்களை வைத்துக்கொண்டு மாணவர்களுக்குச் சுமார் மூன்று மணிநேரம் பாடம் நடத்துவார். முதலில் நோயாளி, அதன் பிறகுதான் கிதாபு.

அடுத்த நூற்றாண்டில் அங்கே படித்தவர் இப்னு அபீ உஸைபிஆ. வைத்தியர்களின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதியவர். தன் உஸ்தாத் அத்தக்வாரும், யூதரான இம்ரானும் நோயாளிகளைப் பார்க்கும்போது தானும் கூடவே இருந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். அது முடிந்ததும் முதியவர் ரழியுத்தீன் அர்ரஹபியின் பக்கத்தில் போய் உட்காருவாராம். அவர் நோயை எப்படி அறிகிறார், என்ன மருந்து எழுதுகிறார் என்று பார்த்து, கேள்வியும் கேட்பாராம். ஒரே நாளில் மூன்று உஸ்தாத்மார், எத்தனையோ நோயாளிகள். எந்தக் கிதாபில் இது கிடைக்கும்?

நம் நாட்டிலும் கதை இதுதான். 1870இல் கொழும்பு மருத்துவப் பாடசாலை தொடங்கியது பெரியாஸ்பத்திரியின் ஒரு வாட்டில். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதுவே மருத்துவ பீடமானது. இன்றும் அந்தப் பிள்ளைகள் வாட்டுக்குப் போய்த்தான் டொக்டராகிறார்கள்.

ஆசிரியர்களாகிய நாங்கள் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் கம்பஸுக்கு அனுப்பிய பிள்ளைகளில் சிலர் நுணுக்குக்காட்டியின் படத்தை அழகாகக் கீறுவார்கள். அதனூடாக ஒரு கலத்தையாவது பார்த்திருக்க மாட்டார்கள். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் செய்முறையைக் கரும்பலகையிலேயே முடித்துவிட்டோம். கம்பஸில் முதல் நாள் ஆய்வுகூடத்துக்குள் போனதும் கை நடுங்கியதாக அவர்கள் வந்து சொல்லும்போது, குற்றம் எங்களுடையது என்று விளங்குகிறது.

பெற்றோரே, கம்பஸிலிருந்து பிள்ளை கோல் எடுத்தால் பெறுபேற்றை மட்டும் கேட்காதீர்கள். "இந்தக் கிழமை உன் கையால் என்ன செய்தாய் மகன்?" என்றும் கேளுங்கள். பயிற்சிக்காகத் தூர இடம் போகவேண்டி வந்தால் தடுக்காதீர்கள், மகளாக இருந்தாலும் சரி. ஆய்வுகூடத்தைத் திறந்து வைப்பது எங்கள் பொறுப்பு.