மிஷன் பணித்தள விஜயம்

கடல் கடந்து ஊழியம் செய்யும் கிறிஸ்தவ மிஷனெரிகளை, அவர்களை அனுப்பிய சபையோ சங்கமோ ஆள் அனுப்பி நேரில் கண்டு, தேற்றி, திடப்படுத்தி வரும் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சங்கங்கள் இதற்கெனத் தூதுக்குழுக்களை அமர்த்தின. ஆயர்கள் தம் பதவிக்குரிய விசாரணைப் பயணமாக இதைச் செய்தனர். பிற்காலத்தில் சாதாரண சபையாரும் இதில் சேர்ந்தனர். இவ்வருகைகளை வெறும் அன்பின் செயல் என்று புகழ்வோரும், தலைமையகத்தின் கண்காணிப்பு என்று ஒதுக்குவோரும் உண்டு. ஆவணங்களைப் படித்தால் இரு கருத்தும் போதாமல் போகின்றன. தேறுதலும் விசாரணையும் ஏறக்குறைய எப்போதும் ஒரே கப்பலில்தான் வந்திறங்கின. வந்தவர் எவ்வளவு காலம் தங்கினார், முடிவைக் கையில் கொண்டுவந்தாரா அல்லது அங்கே இருந்தவர்களோடு சேர்ந்து கண்டடைந்தாரா என்பவையே எது மேலோங்கும் என்பதைத் தீர்மானித்தன.

இவ்வழக்கத்தின் வேரைப் புதிய ஏற்பாட்டில் காண்பது மரபு. காவலில் இருந்த பவுலுக்குப் பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பியது. அவர் அங்கே நோயுற்றுச் சாவின் விளிம்புவரை போய் மீண்டார். கண்டு வரப் போனவரே கவனிக்கப்பட வேண்டியவராக ஆகிவிடும் நிலை அந்த முதல் சான்றிலேயே இருக்கிறது. இடைக்காலத்தைப் பற்றி இங்கே சொல்லத்தக்கது குறைவு. இயேசு சபை 'விசிட்டர்' என்ற பதவியை ஏற்படுத்திய பிறகு சான்றுகள் பெருகுகின்றன. அப்பதவியில் 1574இல் கோவாவில் வந்திறங்கிய அலெஸ்ஸாந்திரோ வலிஞானோ 1579 முதல் 1582 வரை ஜப்பானில் தங்கினார். ஜப்பானியரைத் தாழ்வாகக் கருதிய அங்கிருந்த மேலாளர் கப்ராலின் போக்கை அவர் மாற்றி, மிஷனெரிகள் அந்நாட்டு மொழியையும் நடைமுறை மரியாதைகளையும் கற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அவர் அதிகாரத்தோடு வந்தவர்தான்; ஆனால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துமுன் ஆண்டுக்கணக்கில் பார்த்தார், கேட்டார்.

புராட்டஸ்டண்ட் மரபில் தொடக்கப் புள்ளியாகப் பெரும்பாலும் குறிக்கப்படுவது மொரேவிய சபையின் தலைவர் சின்சென்டார்ப் பிரபு 1739இன் தொடக்கத்தில் கரீபியன் கடலின் செயின்ட் தாமஸ் தீவுக்கு மேற்கொண்ட பயணம். டேனிய ஆட்சியில் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த அத்தீவில் மொரேவியர் 1732 முதல் அடிமைகளிடையே ஊழியம் செய்து வந்தனர். பிரபு கரையிறங்கியபோது மிஷனெரி பிரீட்ரிக் மார்ட்டின், உடன் ஊழியர் பிராய்ண்ட்லிக், அவர் மனைவியும் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவருமான ரெபெக்கா ஆகியோர் மாதக்கணக்கில் சிறையில் இருந்தனர். பிரபுவின் தகுதி ஆளுநரிடம் செல்லுபடியாயிற்று, அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஒரு வருகையால் இதைவிடத் தெளிவான பயன் விளைந்ததாக வேறு சான்று காண்பது அரிது. ஆயினும் இதே பயணத்தின் விடைபெறும் உரையில் அவர் அடிமைகளைத் தம் நிலையை ஏற்று எஜமானருக்குக் கீழ்ப்படியச் சொன்னார் என்பதும் பதிவாகியுள்ளது. தோட்டக்காரரின் பகையிலிருந்து ஊழியத்தைக் காக்கும் உத்தி அது என்பர் சிலர். அவரது சொந்த நம்பிக்கையே அது என்பர் வேறு சிலர். எப்படியானாலும், மிஷனெரிகளுக்கு ஆறுதலாக வந்தவர் அவர்களுடைய சபையாருக்கு அதே ஆறுதலைத் தரவில்லை.

1795இல் தோன்றிய இலண்டன் மிஷனெரி சங்கம் ஜான் கேம்ப்பெல்லைத் தென்னாப்பிரிக்காவுக்கு இருமுறை, 1812லும் 1818லும், அனுப்பியது. அதன் பின் அது அனுப்பிய தூதுக்குழுவே இவ்வரலாற்றில் மிக விரிவாகப் பதிவான பயணம். வைட் தீவைச் சேர்ந்த போதகர் டேனியல் டயர்மன், ஷெபீல்டைச் சேர்ந்த இறைமக்கள் பிரதிநிதி ஜார்ஜ் பென்னெட் ஆகிய இருவரும் 1821 மே மாதம் 'டஸ்கன்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் புறப்பட்டு, செப்டம்பரில் தஹிதியை அடைந்தனர். 1815க்குப் பின் தஹிதியில் நேர்ந்த பெருந்திரளான மதமாற்றம் உண்மைதானா என்ற ஐயம் இங்கிலாந்தில் இருந்தது; மூத்த மிஷனெரிகளுக்கும் இளையவர்களுக்கும் இடையே மனக்கசப்பும் இருந்தது. ஆக, தேற்றவும் வேண்டும், உண்மை அறியவும் வேண்டும் என்ற இரட்டைப் பொறுப்புடனேயே இருவரும் சென்றனர். போன சில மாதங்களில், அந்த மாற்றத்துக்கு முன்னின்ற அரசர் இரண்டாம் பொமாரே இறந்தார். புதிய சூழலில் அவர்கள் அவசரப்பட்டுத் திரும்பவில்லை; மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் பசிபிக் தீவுகளிலேயே கழித்தனர்.

அந்த நீண்ட தங்கலின் பயன் 1822இல் ஹவாயில் தெரிந்தது. தஹிதியரை மார்க்கேசஸ் தீவுகளுக்கு ஊழியராகக் கொண்டுசெல்லும் நோக்கத்துடன், மிஷனெரி வில்லியம் எல்லிஸையும் அழைத்துக்கொண்டு புறப்பட்ட கப்பல் முதலில் ஹவாயைத் தொட்டது. அங்கே 1820 முதல் இருந்த அமெரிக்க மிஷனெரிகள் மொழியோடு போராடிக்கொண்டிருந்தனர். தஹிதிய மொழி ஹவாய் மொழிக்கு நெருங்கிய உறவுடையது. எல்லிஸ் விரைவிலேயே அம்மக்களிடம் அவர்கள் மொழியில் பேசத் தொடங்கினார். குழுவில் வந்திருந்த தஹிதியத் தலைவர் அவுனாவின் மனைவி, பல்லாண்டுகளாகக் காணாத தம் சகோதரன் ஹவாய்த் தலைவர்களின் வட்டத்தில் வாழ்வதைக் கண்டார். அந்த உறவு வழியே அரண்மனைக் கதவுகள் திறந்தன. மார்க்கேசஸ் திட்டம் கைவிடப்பட்டது. எல்லிஸை ஹவாயிலேயே விட்டுவைக்கும்படி அமெரிக்கர் கேட்டபோது, வேறொரு நாட்டுச் சங்கத்துக்குத் தம் ஆளைக் கொடுக்க இவர்கள் இசைந்தனர். அடுத்த ஆண்டு எல்லிஸ் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். இலண்டனில் எழுதிய எந்த அறிவுறுத்தலிலும் இருந்திருக்க முடியாத முடிவு இது. தூதுக்குழுவின் ஆவணங்களில் மிகுதியான இடம் தீவுகளின் பள்ளிகளுக்கும் சட்டங்களுக்கும் போனாலும், இந்த நான்கு மாத விலகலே அதன் மிகச் சிறந்த பணி என்பது இங்கே கொள்ளப்படும் கருத்து.

1824இல் அவர்கள் நியூசிலாந்தின் வங்கரோவா துறைமுகத்தில் நின்றபோது, கப்பல் தளத்தில் ஏற்பட்ட கைகலப்பில் மாவோரி வீரர்கள் அவர்களைப் பிடித்து, ஆயுதங்களை ஓங்கி நிறுத்தினர். வெஸ்லியன் மிஷனெரி ஒயிட்டும் தலைவர் தே ஆராவும் வந்து விடுவித்தனர். 1809இல் 'பாய்ட்' கப்பலினர் கொல்லப்பட்டது இதே துறைமுகத்தில்தான். ஒயிட்டும் அவர் தோழர்களும் அங்கே நாள்தோறும் வாழ்ந்த ஆபத்தைத் தூதுக்குழுவினர் அன்று தம் உடலில் அறிந்தனர். பின் ஆஸ்திரேலியா, ஜாவா, கான்டன், சிங்கப்பூர், மலாக்கா, வங்காளம், தென்னிந்தியா, மொரீஷியஸ் வழியாக 1828இல் மடகாஸ்கரை அடைந்தனர். அங்கே ஜூலை 27 அன்று அரசர் ராடாமா இறந்தார். மூன்று நாள் கழித்து தலைநகர் அந்தனனரிவோவில் டயர்மனும் இறந்தார். பென்னெட் தனியாக 1829இல் நாடு திரும்பினார். இருவரின் குறிப்புகளையும் ஷெபீல்டுக் கவிஞர் ஜேம்ஸ் மான்ட்கோமரி தொகுத்து 1831இல் இரு பாகங்களாக வெளியிட்டார். அவர் இரு குரல்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டதால், எந்தக் கருத்து போதகருடையது, எது இறைமக்கள் பிரதிநிதியுடையது என்று இன்று பிரிப்பது கடினம். அதே 1824இல் தஹிதியைக் கண்ட ரஷ்யக் கடற்படைத் தலைவர் கோட்ஸெபூ மிஷனைக் கடுமையாகச் சாடி எழுதியிருந்தார். தூதுக்குழுவின் நூல் அதற்கு மறுப்பாகவும் படிக்கப்பட்டது. சங்கத்தின் ஆட்கள் சங்கத்துக்கே சாட்சி சொன்னால் எப்படி நம்புவது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் கோட்ஸெபூ தங்கியது நாட்கணக்கில், இவர்கள் தங்கியது ஆண்டுக்கணக்கில். சார்பைக் கழித்துப் படித்தாலும் அவர்கள் கண்டவற்றின் அளவு குறைவதில்லை.

ஆயர்களின் விசாரணைப் பயணங்களை இவ்வகையில் சேர்ப்பதா என்பதில் ஒத்த கருத்து இல்லை. கல்கத்தா ஆயர் ரெஜினால்ட் ஹீபர் 1826இல் தஞ்சாவூருக்கு வந்ததைச் சேர்க்காமல் விடுவது தமிழ் வாசகருக்கு ஏற்காது. ஈஸ்டர் ஞாயிறன்று, அங்கே முன்பு ஊழியம் செய்த மிஷனெரி ஷ்வார்ட்ஸின் சபையாரிடையே ஆராதனை நடத்திய அவர், ஆசீர்வாதத்தைத் தமிழில் கற்றுச் சொன்னார். அதே வருகையில் சபைக்குள் சாதி வழக்கங்கள் பற்றிய விசாரணைக்கும் ஏற்பாடு செய்தார். ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் குளியல் தொட்டியில் இறந்துபோனதால் விசாரணை அவர் கையில் முடியவில்லை. பின்னாளில் கல்கத்தா ஆயரான டேனியல் வில்சன் 1833இல் கல்கத்தாவிலிருந்து கடிதம் எழுதி, சாதி வேற்றுமையை உடனே விட்டொழிக்கும்படி கட்டளையிட்டார். அதன் பின் 1835இல் அவர் நேரில் வந்தபோது தஞ்சைச் சபை பிளவுபட்டிருந்தது. வில்சனின் தீர்ப்பு சரியானது என்பதில் இன்று ஐயமில்லை. ஆனால் தீர்ப்பு முன்னே போய், மனிதர் பின்னே வந்த வருகை எப்படி முடியும் என்பதற்கும் அது சான்று.

தீர்ப்பை முன்கூட்டியே கொண்டுவரலாமா என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் கூர்மையாக எழுந்தது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சனும் போதகர் அகஸ்டஸ் தாம்ப்சனும் 1854 இறுதியில் பம்பாயில் இறங்கி, 1855இல் மதுரை, யாழ்ப்பாணம், சென்னை மிஷன்களைக் கண்டனர். யாழ்ப்பாணத்தில் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி அப்போது புகழின் உச்சத்தில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புதான், இலங்கை அரசின் செயலராக இருந்த எமர்சன் டெனன்ட் அதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார். தூதுக்குழுவின் கலந்தாய்வுக்குப் பின் அது 1855இலேயே மூடப்பட்டது. மதுரை மிஷனிலும் ஆங்கிலப் பள்ளிகள் சுருங்கின. ஆங்கிலம் படித்தவர் அரசாங்க வேலைக்குப் போகின்றனர், கிராமச் சபைக்கு வருவதில்லை என்பதும், ஊழியம் தாய்மொழியில், உள்ளூர்ப் போதகர் கையில் நடக்க வேண்டும் என்பதும் ஆண்டர்சனின் வாதம். செமினரி வளர்த்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பின்னாளில் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்துத் தமிழுக்கு உழைத்த அவரையே எடுத்துக்கொண்டால், ஆங்கிலக் கல்வி ஒருவரைத் தாய்மொழியிலிருந்து பிரித்துவிடும் என்ற அச்சம் எல்லாரிடமும் பலிக்கவில்லை என்பது விளங்கும்.

ஆண்டர்சனின் ஆதரவாளர் சொல்வது வேறு. தூதுக்குழு கட்டளையிடவில்லை, மிஷனெரிகளே கூடிப் பேசி முடிவெடுத்தனர் என்பது அவர்கள் வாதம்; உள்ளூர்ப் போதகர்களுக்கு அபிஷேகம் செய்து சபைகளை ஒப்படைக்கும் பணி அதன்பின் விரைந்தது என்பதும் உண்மை. எதிர்த்தவரோ, சம்பளமும் மானியமும் தரும் சங்கத்தின் செயலர் மேசையின் தலைமாட்டில் அமர்ந்திருக்கையில் அந்தப் பேச்சு எவ்வளவு சுதந்திரமானது என்று கேட்டனர். இச்சர்ச்சை அமெரிக்காவுக்கும் எட்டி, 1856 மார்ச்சில் ஆல்பனியில் சங்கம் சிறப்புக் கூட்டம் கூட்ட நேர்ந்தது. இரு தரப்பிலும் உண்மை இருக்கலாம். மறுக்க இயலாதது இது: ஆண்டர்சன் தம் கொள்கையைச் சங்கத்தின் தலைமையகம் இருந்த பாஸ்டனிலேயே வகுத்துக்கொண்டு வந்தார்; யாழ்ப்பாணத்தில் கழித்தது சில வாரங்கள்; மாணவரின் பெற்றோரும் ஊராரும் அந்த மேசையில் இல்லை. கொள்கையின் தகுதி ஒருபுறம் இருக்க, அந்த வருகை அங்கிருந்த பலரைத் தளர்த்தியது. ஆங்கிலக் கல்விக்கான ஊராரின் வேட்கை தணியவில்லை. 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது.

இத்தனை செலவும் ஆபத்தும் தேவையா, கடிதம் போதாதா என்ற ஆட்சேபம் அக்காலத்திலேயே இருந்தது. கடிதம் எழுதுபவர் தாம் சொல்ல விரும்புவதையே எழுதுகிறார்; படிப்பவர் தமக்குத் தெரிந்த உலகத்துக்குள் வைத்தே அதைப் படிக்கிறார். அவுனாவின் மனைவியின் சகோதரனை எந்தக் கடிதமும் கண்டுபிடித்திருக்காது. செயின்ட் தாமஸ் சிறைக்கதவைத் திறந்தது ஒருவர் அங்கே நின்றதுதான். வந்துபோனவர் தவறாகவும் புரிந்துகொள்ளலாம் என்பது உண்மையே. ஆனால் அதற்கு மாற்று நீண்ட தங்கலேயன்றி வராமல் இருப்பதன்று.

இருபதாம் நூற்றாண்டில் பயணங்கள் பெருகின. 1913இல் ஆசியா வந்த அமெரிக்கப் பெண்கள் சங்கத் தலைவியர் ஹெலன் பாரெட் மான்ட்கோமரியும் லூசி பீபாடியும் கண்டு சென்றது, சென்னையிலும் வேலூரிலும் பெண்களுக்கான உயர்கல்வி நிறுவனங்களுக்கு நிதி சேர உதவியது. 1931-32இல் ஹாக்கிங் தலைமையிலான குழு இந்தியா, பர்மா, சீனா, ஜப்பான் மிஷன்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை பெரும் விவாதத்தை எழுப்பியது. வருகையின் திசை மாறியதும் இக்காலத்தில்தான். 1902இல் யாழ்ப்பாணம் சென்ற திருநெல்வேலிக் கிறிஸ்தவர் வி.எஸ். அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே காசு சேர்த்து மிஷனெரி அனுப்புவதைக் கண்டார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் மேலைநாட்டு மிஷனெரிகளிடம் வேண்டியது பணத்தையோ மேற்பார்வையையோ அன்று, நட்பை. அண்மைக் காலத்தில் விமானப் பயணமும் ஓரிரு வாரக் குழுப் பயணங்களும் வழக்கமாகிவிட்டன. தமிழ்நாட்டு ஜெபக்குழுக்களும் தாங்கள் தாங்கும் ஊழியரின் வடநாட்டுப் பணித்தளங்களுக்குச் சென்று வருகின்றன. இவை பற்றிச் சங்கங்களின் செய்தி இதழ்களுக்கு வெளியே எழுதப்பட்டது குறைவு. அவ்விதழ்களிலும் சென்று வந்தவர்களின் குரலே ஒலிக்கிறது. அவர்களை வரவேற்று, தங்கவைத்து, சமைத்துப் போட்ட மிஷனெரிக் குடும்பங்களின் குறிப்புகள் இன்னும் தொகுக்கப்பட வேண்டியிருக்கின்றன.